கார் வேலைக்குக் கை ராட்செட்: வாங்குமுன் கேட்கும் கேள்விகள்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கையை மட்டும் நுழைத்து, கண்ணுக்கே தெரியாத போல்ட்டைத் தடவித் தடவிக் கழற்றியவர்களுக்கு ராட்செட்டின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேனரை ஒவ்வொரு திருப்புக்கும் எடுத்து எடுத்து மாட்ட வேண்டும். ராட்செட்டுக்கு அது வேண்டாம். ஆனால் எல்லா ராட்செட்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. புதிதாகக் கருவி சேர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ராட்செட்டின் தலைக்குள் என்னதான் இருக்கிறது?

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பற்சக்கரம், அதன் பற்களில் போய் உட்காரும் ஒரு நாக்கு, அந்த நாக்கைப் பல்லோடு அழுத்தி வைக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங், திசை மாற்ற ஒரு லீவர். பற்சக்கரத்தோடு சேர்ந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கட்டையில்தான் சாக்கெட்டை, அதாவது போல்ட்டின் தலையைக் கவ்வும் குழாய்த் துண்டை, மாட்டுகிறோம். ஒரு பக்கம் இழுத்தால் நாக்கு பல்லைக் கவ்விக்கொள்ளும், போல்ட் திரும்பும். மறுபக்கம் கொண்டுவந்தால் நாக்கு பற்களின் மேல் வழுக்கி ஏறி இறங்கும். நமக்குக் கேட்கும் 'டிக் டிக்' அதுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். போகும்போது எந்த ராட்செட்டும் வெறும் இரும்புக் கம்பிதான். திரும்பி வரும்போதுதான் அது ராட்செட். நல்லது எது, சுமாரானது எது என்பதும் அந்தத் திரும்பும் பயணத்தில்தான் தெரியும். கீழே உள்ள பதில்களில் பாதி இதையே சுற்றிச் சுற்றி வரும்.

கால் இஞ்ச், 3/8, அரை இஞ்ச் என்கிறார்கள். முதலில் எதை வாங்குவது?

ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 3/8. யோசிக்கவே வேண்டாம்.

இந்த அளவுகள் அந்தச் சதுரக் கட்டையின் அளவுகள். கால் இஞ்ச் என்பது 6.3 மி.மீ., 3/8 என்பது ஏறக்குறைய 10 மி.மீ., அரை இஞ்ச் என்பது 12.5 மி.மீ. கார் எஞ்சினைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் 10, 12, 13, 14 மி.மீ. தலை கொண்ட போல்ட்டுகள். ஜப்பானிய வண்டிகளில் 12, 14 அதிகம் பார்க்கலாம், ஐரோப்பிய வண்டிகளில் 13, 16. இவை எல்லாவற்றுக்கும் 3/8 பொருந்தும். ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் பிளக், ஆல்டர்னேட்டர் தாங்கி, காலிப்பர் பின் என்று பாதி வேலைக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும்.

டேஷ்போர்டுக்கு உள்ளே, ஏர் ஃபில்டர் பெட்டி, பிளாஸ்டிக் மூடிகள், ஹோஸ் கிளாம்ப் போன்ற சில்லறை வேலைகளுக்குக் கால் இஞ்ச். அங்கே பெரியதைக் கொண்டுபோனால் 6 மி.மீ. (தலை அல்ல, தண்டின் அளவு) போல்ட்டின் மரையை உருவிவிடுவீர்கள். அந்தப் போல்ட்டுக்கு வேண்டியது பத்து நியூட்டன் மீட்டருக்கும் (திருப்பும் விசையின் அலகு) குறைவான இறுக்கம். நீளமான பிடியில் கை அதை உணரவே உணராது.

அரை இஞ்ச் சக்கர நட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும். அந்த அளவில் ராட்செட்டை விட முதலில் பிரேக்கர் பார்தான் (பற்சக்கரம் இல்லாத நீளமான இரும்புப் பிடி) வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

72 பல், 90 பல், 120 பல் என்று போட்டிருக்கிறார்களே, அதனால் என்ன லாபம்?

360 டிகிரியைப் பல்லின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 24 பல் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்க 15 டிகிரி பின்னால் போக வேண்டும். 36 என்றால் 10 டிகிரி. 72 என்றால் 5. 120 என்றால் 3.

டிகிரியில் சொன்னால் பிடிபடாது. 20 செ.மீ. நீளப் பிடியின் நுனியில் இதை அளந்தால், 24 பல் ராட்செட்டில் கை 5 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக நகர வேண்டும். 36 பல்லில் மூன்றரை செ.மீ. 72 பல்லில் ஒன்றே முக்கால். 120 பல்லில் ஒரு செ.மீ. போதும்.

இப்போது எஞ்சினுக்கும் தீச்சுவருக்கும் (எஞ்சின் அறையையும் நாம் உட்காரும் பகுதியையும் பிரிக்கும் தகடு) நடுவில் இருக்கும் ஒரு போல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியின் ஒரு பக்கம் கூலன்ட் குழாய், மறுபக்கம் வயர் கட்டு. நடுவில் இரண்டு விரல் கனம்தான் இடம். 24 பல் ராட்செட் அங்கே ஒரு டிக் கூட அடிக்காது. சும்மா முன்னும் பின்னும் ஆடும், போல்ட் கிடந்த இடத்திலேயே கிடக்கும். 72 பல் இருந்தால் ஒரு இழுப்புக்கு ஒரு டிக், சில சமயம் இரண்டு. மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும்.

72-இலிருந்து 90 வரை இருந்தால் கார் வேலைக்குத் தாராளம் என்பது என் கருத்து. 120 இருந்தால் நல்லதுதான். அதற்காகவே தேடி அலைய வேண்டாம். இன்னொன்று, 120 என்று போட்டிருந்தால் உள்ளே 120 பல் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. சிலவற்றில் சக்கரத்துக்கு 60 பல்தான். இரண்டு நாக்குகளை அரைப் பல் தள்ளி வைத்து, மாறி மாறிக் கவ்வும்படி செய்திருப்பார்கள். ஏமாற்று இல்லை, புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். பல்லைப் பொடியாக்காமலே அசைவைக் குறைத்துவிடுகிறார்கள்.

பல் அதிகமானால் ஒவ்வொரு பல்லும் சின்னதாகிவிடுமே, சீக்கிரம் உடையாதா?

நியாயமான சந்தேகம். ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. பழைய மெக்கானிக்குகள் இன்றும் 24, 36 பல் ராட்செட்டைக் கைவிடாததற்கு அது ஒரு காரணம்.

ஆனால் சுமையைத் தாங்குவது ஒரு பல் இல்லை. நாக்கிலும் பல பற்கள் இருக்கும், அவை எல்லாம் ஒரே நேரத்தில் சக்கரத்தில் உட்காரும். நாக்கு அகலமாக இருந்து, ஐந்தாறு பற்கள் சேர்ந்து கவ்வினால், பொடிப் பல்லும் நன்றாகவே தாங்கும். இரும்பு சரியாகச் சூடேற்றிக் கடினப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் தரமான 72, சுமாரான 36-ஐ விட உறுதியானது. மலிவான 72-தான் எல்லாவற்றிலும் மோசம். பல்லும் பொடி, நாக்கும் குறுகல், இரும்பும் மென்மை.

தாங்கும் திறனுக்கு ஒரு பொது அளவுகோல் உண்டு. ஐ.எஸ்.ஓ. 3315 என்ற சர்வதேசத் தரம், கையால் சுற்றும் கருவிகளுக்குக் குறைந்தபட்சச் சோதனைச் சுமையை வரையறுக்கிறது. கால் இஞ்சுக்குச் சுமார் 60 நியூட்டன் மீட்டர், 3/8-க்குச் சுமார் 200, அரை இஞ்சுக்குச் சுமார் 500. ராட்செட்டின் மேலோ அதன் தாளிலோ இந்த எண்ணைக் குறிப்பிட்டிருந்தால், பல்லின் எண்ணிக்கையை விட இதற்கே நான் மதிப்புக் கொடுப்பேன்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எதைச் சோதிப்பது?

முதலில் திரும்பும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதை. சதுரக் கட்டையில் ஒரு சாக்கெட்டை மாட்டி, அந்தச் சாக்கெட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாக, முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் பிடியைப் பின்னால் கொண்டுபோங்கள். சாக்கெட் விரலுக்குள் அசையாமல் நின்று, டிக் டிக் மட்டும் கேட்டால் நல்லது. சாக்கெட்டும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்தால் அதை வைத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், போல்ட் இறுகியிருக்கும்வரை எந்த ராட்செட்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். இரண்டு சுற்று தளர்ந்த பிறகுதான் வேடிக்கை ஆரம்பிக்கும். நீங்கள் முன்னால் இழுத்தால் போல்ட் வரும், பின்னால் கொண்டுபோனால் போல்ட்டும் கூடவே திரும்பிப் போகும். பத்து முறை ஆட்டியும் போல்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். விரலை நுழைத்துப் பிடித்துக்கொள்ள இடம் இருந்தால் சரி. இல்லாத இடத்தில்தானே நாம் ராட்செட்டையே கொண்டுபோனோம்!

அப்புறம், தலையை ஒரு கையிலும் சதுரக் கட்டையை மறுகையிலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். இம்மி ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். லொடலொடவென்று இருந்தால் வேண்டாம். லீவரை இரண்டு பக்கமும் தட்டுங்கள். 'டக்' என்று தெளிவாக உட்கார வேண்டும். நடுவில் எங்கேயோ தயங்கி நிற்கும் லீவர், வேலையில் இருக்கும்போது தானே திசை மாறும்.

கட்டைவிரலால் லீவரைத் தட்ட முடிகிறதா என்பதையும் பாருங்கள். கையில் எண்ணெயோடு, கையுறையோடு. இரண்டு கை வேண்டும் என்றால் காருக்கு அடியில் அது தொல்லை.

பிடி ரப்பரா, வெறும் இரும்பா? எது கைக்கு நல்லது?

ஐந்து நிமிட வேலைக்கு ரப்பர் சுகம். நாள் முழுக்க வேலைக்கு நான் இரும்பின் பக்கம்.

ரப்பர் அல்லது மெத்தென்ற பிளாஸ்டிக் சுற்றிய பிடி கனமாக இருக்கும், உள்ளங்கையில் பரவலாக அழுத்தும், குளிரில் கையைச் சுடாது. இழுப்பு பலமாக வேண்டிய இடத்தில் அது நிச்சயம் வசதி. ஆனால் அந்தக் கனமே குறுகலான இடத்தில் இடைஞ்சல். எஞ்சின் ஆயில், பெட்ரோல், பிரேக் ஆயில் எல்லாம் பட்டுப் பட்டு, மட்டமான ரப்பர் ஊறிப்போய்ப் பிசுபிசுக்கும். கொஞ்ச நாளில் பிடி உள்ளேயே சுழல ஆரம்பித்துவிடும். வழவழப்பான இரும்புப் பிடியை ஒரு துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். எண்ணெய்க் கையில் வழுக்குகிறதே என்றால், சொரசொரப்பாகக் கோடு வெட்டிய இரும்புப் பிடி கிடைக்கும். அந்தக் கோடுகளின் முனை கூர்மையாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். சிலது அரம் மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும்.

பிடியின் குறுக்கு வடிவமும் முக்கியம். ஓவல் நல்லது. முழு வட்டமாக இருந்தால் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. நடுவில் சற்றுப் புடைத்து, நுனியில் லேசாக விரிந்திருந்தால் கை வழுக்கி வெளியே போகாது. நுனியில் கூரான விளிம்பு இருக்கக் கூடாது, ஏனென்றால் பலமாக இழுக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி அங்கேதான் அழுந்தும்.

தலை வட்டமாக இருப்பது நல்லதா, பேரிக்காய் வடிவம் நல்லதா?

பேரிக்காய். தலை ஒடுங்கிப் பிடியோடு சேர்வதால் இடுக்கில் நுழையும், லீவரும் கட்டைவிரலுக்கு எட்டும். வட்டத் தலையில் பின்பக்கத் தட்டையோ மூடியையோ திருப்பித் திசை மாற்றுவார்கள். அதில் தெரியாமல் திசை மாறும் தொல்லை குறைவு, தூசும் உள்ளே அதிகம் போகாது. ஆனால் தலை பெரிது.

வடிவத்தை விடத் தலையின் கனத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் சில தலைகள் மற்றதை விடக் கால் பங்கு மெலிதாக இருக்கும். ஆல்டர்னேட்டருக்கும் சேசிஸுக்கும் நடுவில் சாக்கெட்டும் தலையும் சேர்ந்து நுழைய வேண்டியபோது, அந்த மூன்று நான்கு மி.மீ. பெரிய விஷயம்.

சாக்கெட்டை விடுவிக்கும் பட்டன் வேண்டுமா?

இருந்தால் வசதி. எண்ணெய்க் கையில் சாக்கெட்டைப் பிடுங்கிப் போராட வேண்டாம். இந்தப் பட்டனுக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர், 1963-இல் தமது 18-ஆம் வயதில் இதற்கான வேலையைத் தொடங்கினார். காப்புரிமை 1965-இல் வந்தது. அதிகபட்சம் 10,000 டாலர் என்ற வரம்போடு உரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, அதன் உண்மையான மதிப்பு தெரிந்த பிறகு நீதிமன்றம் போனார். வழக்கு பல வருடங்கள் நடந்தது.

சரி, பட்டனுக்கு வருவோம். அது தலையின் பின்பக்கம், சரியாக நடுவில் இருக்கும். எக்ஸ்டென்ஷன் (ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் நீட்டுக் கம்பி) போட்டு ஆழத்தில் இருக்கும் போல்ட்டைக் கழற்றும்போது, சாக்கெட் சாயாமல் இருக்க இடது உள்ளங்கையால் தலையின் பின்பக்கத்தை அழுத்திப் பிடிப்போம். அதாவது அந்தப் பட்டனையே அழுத்திக்கொண்டிருப்போம். வேலை முடிந்து கையை இழுத்தால் ராட்செட் மட்டும் வரும். எக்ஸ்டென்ஷனும் சாக்கெட்டும் கீழே, எஞ்சின் அடித்தட்டுக்குள். பத்து மி.மீ. சாக்கெட் ஏன் எப்போதும் தொலைகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில். ஆகவே பட்டன் வெளியே துருத்தாமல், தலையின் மட்டத்துக்கோ கொஞ்சம் உள்ளேயோ இருப்பதாகப் பாருங்கள்.

நீளம் எவ்வளவு இருக்கலாம்? தலை மடங்கும் ராட்செட் பயன்படுமா?

3/8-இல் 18 முதல் 20 செ.மீ. வரை இருப்பது சாதாரண நீளம், முதல் ராட்செட்டுக்கு அதுவே சரி. இரண்டாவதாக 25 செ.மீ.க்கு மேல் நீளமான ஒன்றையோ, உள்ளங்கையில் அடங்கும் குட்டையான ஒன்றையோ உங்கள் வேலைக்குத் தகுந்தபடி சேர்க்கலாம்.

மடங்கு தலையை நான் மூன்றாவது ராட்செட்டாகத்தான் சொல்வேன். பிடியைச் சாய்த்து வைத்து இடைஞ்சலைத் தாண்டி வேலை செய்யலாம், அது உண்மை. ஆனால் சாய்ந்த நிலையில் பலமாக இழுத்தால் சாக்கெட் போல்ட்டின் தலையிலிருந்து கவிழப் பார்க்கும். மூட்டு கொஞ்ச நாளில் தளர்ந்து, தலை தொங்கிப்போகும். வாங்குவதானால் மூட்டைத் திருகி இறுக்க வழி உள்ளதை, அல்லது குறிப்பிட்ட கோணங்களில் பூட்டி நிற்பதை வாங்குங்கள்.

இறுகிப்போன போல்ட்டை ராட்செட்டால் கழற்றலாமா? பிடியில் பைப் மாட்டலாமா?

கூடாது. ராட்செட்டுகள் சீக்கிரம் சாவதற்கு இதுதான் முதல் காரணம்.

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். பின் சக்கரத்தின் காலிப்பர் தாங்கியில் ஒரு 17 மி.மீ. போல்ட். துருவேறி உட்கார்ந்திருந்தது. கையில் இருந்தது ஒரு மலிவான செட்டில் வந்த அரை இஞ்ச் ராட்செட். பிரேக்கர் பார் எடுக்க எழுந்து போகச் சோம்பல். பக்கத்தில் கிடந்த இரும்புக் குழாயைப் பிடியில் சொருகி, உடம்பு எடையைக் கொடுத்துத் தள்ளினேன். இழுக்கவில்லை, தள்ளினேன். அது இரண்டாவது முட்டாள்தனம். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், நாக்கு பல்லைத் தாண்டியது, என் கை அப்படியே டிஸ்க்குக்குப் பின்னால் இருந்த தகட்டு விளிம்பில் போய் இடித்தது. மூன்று விரல் கணுவிலும் தோல் போய்விட்டது. பிறகு அந்த ராட்செட்டைத் திறந்து பார்த்தேன். சக்கரத்தில் மூன்று பற்களின் நுனி பெயர்ந்திருந்தது. நாக்கின் ஒரு மூலை மழுங்கி வட்டமாகியிருந்தது. அந்தப் போல்ட் மட்டும் அசையவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 20 செ.மீ. பிடியில் 25 கிலோ அளவுக்கு இழுத்தால் கிடைப்பது கிட்டத்தட்ட 50 நியூட்டன் மீட்டர். பல கார்களின் சக்கர நட்டுக்கு இறுக்கமே 100-ஐ ஒட்டி இருக்கும், துருப்பிடித்தால் அதற்கும் மேல். அதே இழுப்பை 60 செ.மீ. பிரேக்கர் பாரில் கொடுத்தால் 150-ஐத் தொடலாம். பிரேக்கர் பாருக்குள் பல்லும் இல்லை, நாக்கும் இல்லை, உடைய ஒன்றும் இல்லை. அது முறிக்கட்டும், ராட்செட் சுற்றட்டும்.

துருவுக்கு ஊடுருவும் எண்ணெய் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். சாக்கெட்டும் ஆறு முக சாக்கெட்டாக இருக்கட்டும். பன்னிரண்டு முகம் இறுகிய போல்ட்டின் மூலைகளைச் சீவிவிடும். எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளியே ஆக வேண்டிய இடம் என்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையை விரித்து வைத்துத் தள்ளுங்கள். நழுவினாலும் கணுக்கள் தப்பிக்கும்.

ராட்செட்டின் மேல் சுத்தியலால் அடிப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

இறுக்குவதற்கு?

உட்காரும் வரை ராட்செட். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் கருவி), வண்டியின் கையேட்டில் உள்ள அளவுப்படி. ஸ்பார்க் பிளக், டிரெயின் பிளக் போன்றவற்றில் நீளமான ராட்செட்டால் 'இன்னும் கொஞ்சம்' என்று இழுத்து அலுமினிய மரையை உருவியவர்கள் ஏராளம். அதேபோல டார்க் ரெஞ்சை வைத்துக் கழற்றாதீர்கள், அதன் அளவு கெட்டுவிடும்.

முழு செட்டாக வாங்கலாமா, ராட்செட்டைத் தனியாகவா?

பெட்டியாக வரும் செட்டுகளில் பெரும்பாலும் சாக்கெட்டுகள் பரவாயில்லை, ராட்செட்தான் பலவீனம். சாக்கெட் என்பது துளை போட்ட இரும்பு, அதைக் கெடுப்பது கொஞ்சம் கஷ்டம். ராட்செட்டில் அசையும் உறுப்புகள் இருக்கின்றன, காசை மிச்சம் பிடிப்பது அங்கேதான். செட்டை வாங்கிக்கொண்டு, 3/8 ராட்செட் ஒன்றை மட்டும் நல்லதாகத் தனியே வாங்குவது என் வழி. பழையது பையில் உதிரியாகக் கிடக்கட்டும்.

எத்தனை ராட்செட் சேர்த்தாலும், லீவரை எந்தப் பக்கம் தட்டினால் இறுகும் என்பது எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்படி பாருங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது மாறும். கட்டைவிரல் ஒரு திசையைப் பழகிவிட்டால், மாறிய ராட்செட்டை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டியதை இறுக்கிக்கொண்டிருப்போம்.

'குரோம் வனேடியம்' என்று பொறித்திருந்தால் போதுமா?

போதாது. கைக்கருவிகளுக்குப் பரவலாகப் பயன்படும் எஃகு அதுதான், ஆகவே நல்லதிலும் இருக்கும், மோசமானதிலும் இருக்கும். எஃகின் பெயரை விட அதைக் கடினப்படுத்திய விதம் முக்கியம், அது கண்ணுக்குத் தெரியாது. தெரிவது மேல்பூச்சு. சதுரக் கட்டையின் மூலைகளில் பூச்சு உப்பியோ உரிந்தோ இருந்தால் வாங்காதீர்கள். உரியும் குரோம் சில்லு கையைக் கத்திபோலக் கிழிக்கும்.

வாழ்நாள் உத்தரவாதம் என்கிறார்கள். நம்பலாமா?

யாருடைய வாழ்நாள் என்று படித்துப் பாருங்கள். குழாய் மாட்டி உடைத்தால் பெரும்பாலும் கிடையாது. எனக்கு உத்தரவாதத்தை விட உதிரிப்பாகம் பெரிது. சக்கரம், நாக்கு, ஸ்பிரிங் மூன்றும் சேர்ந்த ஒரு பொட்டலம் அந்த மாடலுக்குக் கிடைக்குமா? தலையின் மூடி திருகாணியால் மாட்டப்பட்டிருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த ராட்செட்டின் உடம்பு உங்களை விட அதிக நாள் இருக்கும். மூடி திறக்கவே முடியாதபடி அடைத்துவிட்ட ராட்செட், உள்ளே மணல் போன அன்றே முடிந்தது.

எண்ணெய், கிரீஸ் எப்போது போடுவது?

சத்தம் மந்தமாகும்போது, திரும்பும் இழுப்பு கனக்கும்போது. தினமும் காருக்கு அடியில் கிடப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும். வீட்டு வண்டியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இரண்டு வருடம் கூடத் தாங்கும்.

திறக்கும்போது ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் ராட்செட்டையும் இரண்டு கையையும் விட்டுத் திறங்கள். சிரிக்காதீர்கள். மூடி நகர்ந்ததும் அந்தக் குட்டி ஸ்பிரிங்கும், அதோடு இருக்கும் கடுகளவு குண்டும் துள்ளி ஓடும். பையில் விழுந்தால் கிடைக்கும், தரையில் விழுந்தால் போனதுதான். திறந்ததும், எதையும் தொடும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

பழைய பிசினை மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். பிறகு மெல்லிய கிரீஸ், பற்களின் மேல் ஒரு படலம் மட்டும். வீல் பேரிங் கிரீஸை அப்பி அடைக்காதீர்கள். கெட்டி கிரீஸில் நாக்கு மெதுவாக நகரும், பல்லில் முழுதாக உட்காரும் முன்பே நீங்கள் இழுத்துவிடுவீர்கள். பல் தாண்டும். நல்ல ராட்செட்டையும் கெட்டதுபோல ஆக்கிவிடும் வேலை இது. குளிரில் இன்னும் மோசம். மெல்லிய கிரீஸ் இல்லை என்றால் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் போதும்.

பாரத்தில் ஒருமுறை பல் தாண்டினாலும் அப்படியே தொடராதீர்கள். கழுவிப் பாருங்கள். கழுவியும் தாண்டினால் நாக்கோ பல்லோ தேய்ந்துவிட்டது.

பழைய ராட்செட் வாங்கலாமா?

தாராளமாக. தேய்ந்த பிடி குற்றம் இல்லை, சிலசமயம் அது நற்சான்று. பார்க்க வேண்டியது சதுரக் கட்டையை. அதன் நான்கு விளிம்பும் நேராக இருக்க வேண்டும். அடியிலிருந்து நுனிக்கு லேசாக முறுக்கிக்கொண்டு போனால் யாரோ குழாய் மாட்டியிருக்கிறார்கள். தலையில் சுத்தியல் தழும்பு, மூடி உடம்போடு ஒட்டாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்பது, இவையும் அதே கதைதான்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களுக்கு ரப்பர் பிடி ராட்செட் போதும்தானே?

போதவே போதாது. ரப்பர் பிடி கைக்குச் சுகம் தருவதற்கு, மின்சாரத்தைத் தடுப்பதற்கு அல்ல. உயர் மின்னழுத்தப் பகுதிகளுக்கு ஐ.இ.சி. 60900 தரத்தில் சோதிக்கப்பட்ட, 1000 வோல்ட் குறியும் இரட்டை முக்கோணச் சின்னமும் உள்ள காப்பிட்ட கருவிகள் தனியாக உண்டு. கருவி இருந்தாலும் பயிற்சி இல்லாமல் அந்த ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் போகாதீர்கள்.

சாதாரண 12 வோல்ட் பேட்டரியிலும் கவனம் வேண்டும். பாசிட்டிவ் முனையில் இருக்கும் ராட்செட்டின் மறுநுனி பாடியில் பட்டால் பொறி பறக்கும், இரும்பு அங்கேயே ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

பேட்டரியில் ஓடும் ராட்செட் வாங்கிவிட்டால் கை ராட்செட் தேவைப்படாதா?

நீளமான போல்ட்டுகள் இருபது முப்பது கழற்ற வேண்டும் என்றால் அது வரப்பிரசாதம். ஆனால் தலை பெரிது, உடம்பு நீளம், பாதி இடங்களில் நுழையாது. போல்ட் திடீரென உட்காரும் கணத்தில் பிடி திரும்பிக் கையை எதிலாவது வைத்து நசுக்கும். மாட்டும்போது இன்னொரு ஆபத்து, மரை கோணலாக ஏறினாலும் மோட்டாருக்குத் தெரியாது, சுற்றிக்கொண்டே போகும். கையால் சுற்றும்போது இரண்டாவது மரையிலேயே 'இது சரியில்லை' என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அதனால் எதை வைத்து முடித்தாலும், முதல் இரண்டு மூன்று சுற்றை சாக்கெட்டை மட்டும் விரலில் பிடித்துச் சுற்றி ஏற்றுங்கள்.